பழைய ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளுக்குப் பின் ஷொக் மாற்ற வேண்டும்: என்ன அளவு, எங்கே எடுப்பது?

கடற்கரைவீதி26

வணக்கம் எல்லாருக்கும். என்னிடம் ஒரு ஜப்பான் யூஸ்ட் ஃபுல் சஸ்பென்ஷன், அதாவது முன்னும் பின்னும் ஷொக் உள்ள சைக்கிள் இருக்கிறது. 26 அங்குல வீல், அலுமினியம் ஃபிரேம். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், சைக்கிள் விலையெல்லாம் கண்டபடி ஏறிக் கிடந்தபோது கிடைத்ததை வாங்கியது. முந்தைய சொந்தக்காரர் யாரோ மேலே கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டார், அதனால் மொடல் பெயர் ஒன்றும் தெரியாது. வாரநாளில் வெள்ளவத்தையிலிருந்து ராஜகிரிய ஒஃபிசுக்கு, விடுமுறை கிடைத்தால் லபுகம, களட்டுவாவ பக்கம் றப்பர் தோட்டத்துப் பாதைகளில் ஓட்டுவேன்.

பிரச்சினை பின் ஷொக். காற்று அடைக்கும் வகை. ராத்திரி அடித்து வைத்தால் காலையில் பின்பக்கம் குந்திக்கொண்டு நிற்கிறது. ஏறி அமுக்கினால் உள்ளே சளக் சளக் என்று சத்தம். ஷொக் திரும்பி வருகிற வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ரீபவுண்ட் குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் ஒன்றுதான், அமுக்கி விட்டால் ஆளைத் தூக்கி எறிகிற மாதிரித் திரும்பி வருகிறது. இதோடு சீட்டைப் பிடித்துத் தூக்கும்போது டொக் என்று ஒரு ஆட்டம் வேறு.

கடையில் காட்டினேன். "இதுக்கெல்லாம் சாமான் வராது, ஸ்பிரிங் ஷொக் ஒன்று போட்டுத் தாறன்" என்று 750 என்று அச்சடித்த ஒன்றை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். என் எடை 82 கிலோ. என்ன செய்யலாம்?

பழையஇரும்பு

வேண்டாம் என்று வந்தது நல்லது. எதையும் வாங்குவதற்கு முன் அளவு எடுங்கள். பழைய சைக்கிளில் பாதிப் பேர் காசை விடுவது இந்த இடத்தில்தான்.

ஷொக்குக்கு இரண்டு அளவு முக்கியம். ஒன்று ஐ-டு-ஐ, அதாவது இரண்டு முனையிலும் போல்ட் போகிற துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள நீளம். இதைக் காற்று நிரம்பி, ஷொக் முழுதாக நீண்டு நிற்கும்போது அளக்க வேண்டும். உங்களுடையது காலையில் குந்தி நிற்கிறது என்கிறீர்கள், அந்த நிலையில் அளந்தால் பொய் அளவுதான் வரும். இரண்டாவது ஸ்ட்ரோக், ஷொக் எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்பது. வெளியே தெரிகிற பளபளப்பான தண்டின் நீளம்தான் ஸ்ட்ரோக் என்று நினைத்துவிடாதீர்கள், பல ஷொக்குகளில் தண்டு கொஞ்சம் மிச்சம் இருக்கும். காற்று முழுவதையும் விட்டு, கையால் கடைசிவரை அமுக்கி, அப்போது ஐ-டு-ஐ எவ்வளவு என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்ட்ரோக்.

பழைய சைக்கிள்களில் சாதாரணமாக வருகிற அளவுகள் 165×38, 190×51, 200×51, 200×57, 216×63. எல்லாம் மில்லிமீட்டர், ஆனால் பிறந்தது அங்குலத்தில். 190×51 என்பது ஏழரை அங்குலமும் இரண்டு அங்குலமும். 2016இல் மெட்ரிக் அளவு என்று புதிய வரிசை வந்தது, 210×50, 230×60 என்று போகும். இப்போது புதுக் கடைகளில் தொங்குவது பெரும்பாலும் அதுதான். உங்கள் ஃபிரேமுக்கு அது நேராகப் பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கூடவே இரண்டு முனையிலும் உள்ள ரெடியூசரின் (அந்தத் துளைக்குள் பொருந்தி போல்ட்டைத் தாங்குகிற உறை) அகலம், போல்ட்டின் விட்டம் இரண்டையும் எழுதுங்கள். வேர்னியர் இருந்தால் அதில் எடுங்கள், அடிமட்டத்தில் எடுத்த அளவை நான் நம்ப மாட்டேன்.

நேர்ப்பாதை

குறுக்கே வருகிறேன், கோபிக்க வேண்டாம். வெள்ளவத்தையிலிருந்து ராஜகிரியவுக்கு ஃபுல் சஸ்பென்ஷன் எதற்கு? வழியில் ஒரு மேடு கிடையாது, உயரமான இடம் என்றால் மேம்பாலம்தான். ஷொக்குக்குக் கொட்டுகிற காசில் பின் ஷொக் இல்லாத நல்ல ஹார்ட்டெயில் ஒன்றுக்கு முற்பணம் கட்டலாம். பதினைந்து வருசத்துக்கு மேல் ஓடின அலுமினியம் ஃபிரேம், 26 அங்குல வீல், அதற்கு டயர் கிடைப்பதே குறைந்துகொண்டு வருகிறது. ஷொக் மாற்றினால் அடுத்தது பெயரிங் என்பார்கள், அதற்கு அடுத்தது முன் ஃபோர்க். முடிவே இல்லை.

பழையஇரும்பு

டயர் கதை உண்மைதான், மற்றதெல்லாம் ஆளைப் பொறுத்தது. களட்டுவாவ பக்கத்து றப்பர் வேர்களில் ஹார்ட்டெயில் ஓட்டிவிட்டு அடுத்த நாள் முதுகு என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஆனால் ஒன்று, ஃபிரேமில் வெடிப்பு இருந்தால் இந்தப் பேச்சை இப்போதே நிறுத்த வேண்டும். கடற்கரைவீதி, ஷொக்கைக் கழற்றின கையோடு பிவட், அதாவது பின் பகுதி ஆடுகிற மூட்டு, அதைச் சுற்றியுள்ள வெல்டிங், சங்கிலிப் பக்கத்துக் கால், சீட் குழாயின் அடி எல்லாவற்றையும் துடைத்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். மேலே பெயின்ட் அடித்திருக்கிறார் என்கிறீர்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. முடி போல் ஒரு கோடு, அதன் ஓரத்தில் பெயின்ட் உரிந்திருந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் மாட்டினால் வெடிப்பு.

கடற்கரைவீதி26

ஃபிரேமை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தேன், கோடு ஒன்றும் இல்லை. அளவு எடுத்துவிட்டேன்: நீண்டு நிற்கும்போது 190, முழுதாக அமுக்கினால் 139. ரெடியூசர் அகலம் இரண்டு முனையிலும் 22.2, போல்ட் 8 மி.மீ. பின் வீல் அச்சு மேலே எவ்வளவு போகிறது என்றும் அளந்தேன், 120 கிட்ட வருகிறது.

இவ்வளவையும் ஷொக்கைச் சைக்கிளில் வைத்தே அளந்தேன், ஏனென்றால் மேல் போல்ட் வந்துவிட்டது, கீழ் போல்ட் அசையவே இல்லை. அலன் சாவி வழுக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன்.

உப்புக்காற்று

நிறுத்தியது நல்ல வேலை. நான் தெஹிவளையில் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறேன், இங்கே எல்லார் சைக்கிளிலும் இதே கதைதான். இரும்பு போல்ட், அலுமினியம் ஃபிரேம், நடுவில் உப்பு ஈரம். இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தின்று வெள்ளைப் பொடியாகி இறுகிவிடும். கண்டியில் இருக்கிறவனுக்கு இது விளங்காது.

முதலில் ஷொக்கில் உள்ள காற்றை முழுக்க விடுங்கள், வால்வுக்குள் உள்ள குச்சியை அமுக்கிக்கொண்டு ஷொக்கை மெல்ல அமுக்கி. டபிள்யூடி-40 ஈரம் விரட்டத்தான் நல்லது, இறுகிய போல்ட்டுக்கு அவ்வளவு உதவாது. ஊடுருவுகிற எண்ணெய் என்று தனியாக விற்கிறார்கள், வாகன உதிரிக் கடையில் கேட்டால் தருவார்கள். சைக்கிளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, போல்ட் தலைப் பக்கமும் மற்றப் பக்கமும் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் கேத்தலில் கொதிநீர் வைத்து, போல்ட்டுக்கு அல்ல, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்கு ஊற்றுங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அந்த விரிவு மயிரிழைதான், ஆனால் அதுவே போதும். டோர்ச் நெருப்புக் காட்ட வேண்டாம், பக்கத்தில் ஷொக் இருக்கிறது.

அலன் சாவி புதியதாக இருக்கட்டும். தேய்ந்த சாவிதான் போல்ட் தலையைத் தின்னும். போல்ட் தலைக்குள் உள்ள மண்ணை ஊசியால் தோண்டி எடுத்துவிட்டு, சாவியைச் சுத்தியலால் லேசாகத் தட்டி அடிவரை இறக்குங்கள். அப்புறம் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு சிறு திருப்பு. "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்டால் வெற்றி, இனிக் கழற்றுகிற பக்கம் திருப்பலாம். எந்தப் பக்கத்தில் மரை இருக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், சிலர் மரை இல்லாத பக்கத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருப்பார்கள்.

கடற்கரைவீதி26

டிக் கேட்டது! ஷொக் வெளியே வந்துவிட்டது. போல்ட்டில் பாதி தூரத்துக்கு வெள்ளைப் பொடி, நடுவில் ஒரு பக்கம் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது.

லேத்துப்பட்டறை

பள்ளம் விழுந்த போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். உங்கள் "டொக்" அதுவும், அதோடு ஷொக் கண்ணுக்குள் உள்ள புஷ்ஷும்தான். ஷொக் கையில் இருக்கிற நேரத்தில் ரெடியூசர்களைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மெல்லிய உலோக வளையம் ஒன்று இருக்கும், அதன் உள் பக்கம் சாம்பல் நிறப் பூச்சு. பூச்சு போய்ப் பித்தளை நிறம் தெரிந்தால் அது முடிந்துவிட்டது. புதியதில் உள்விட்டம் 12.7 மி.மீ, அரை அங்குலம். ஃபொக்ஸ், ரொக்ஷொக்ஸ், மானிட்டு என்ற மூன்று கொம்பனிகளின் பழைய ஷொக்குகளிலும் இதே அளவுதான், அதனால் ரெடியூசர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்.

இன்னொரு சோதனை, ஷொக் இல்லாத இந்த நேரத்தில்தான் செய்ய முடியும், விட்டுவிடாதீர்கள். பின் வீலைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். எண்ணெய் போட்ட கதவு மாதிரி அதன் பாரத்திலேயே விழ வேண்டும். நடுவில் கரகர என்றால், அல்லது வைத்த இடத்திலேயே நின்றால் பிவட் பெயரிங் போய்விட்டது. அப்புறம் வீலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், அதில் ஆட்டம் இருக்கவே கூடாது. பெயரிங் இறுகிப் போயிருந்தால் எவ்வளவு நல்ல ஷொக் போட்டாலும் அது வேலை செய்யாது. அந்த இறுக்கத்தையும் ஷொக் தலையில்தான் கட்டுவார்கள்.

பெயரிங்கின் றப்பர் மூடியில் எண் இருக்கும், 6900, 6000, 688 என்று ஏதாவது. அதைக் குறித்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்கு வாருங்கள். சைக்கிள் கடையில் அந்தக் கொம்பனிப் பெயர் போட்ட பொட்டலத்தில் வருவதும் பெயரிங் கடையில் வருவதும் அளவில் ஒன்றுதான். 6900 என்றால் உள்ளே 10, வெளியே 22, தடிப்பு 6. இரண்டு பக்கமும் றப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் கேளுங்கள். பந்துகள் நெருக்கி அடைத்த வகை கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பிவட் முழுச்சுற்று சுற்றுவதில்லை, சில டிகிரி போய்த் திரும்புகிறது, பாரம் எப்போதும் அதே சில பந்துகளில்தான் விழும்.

ரெடியூசர் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். வெளியே 12.7, உள்ளே 8, மொத்த அகலம் 22.2. பழையதைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும், படம் கீற வேண்டியதில்லை. புஷ் மட்டும் நீங்களே சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். வைஸில் சரியான அளவு சொக்கெட் இரண்டு வைத்து, ஒன்று தள்ள, ஒன்று வாங்க, நேராக அமுக்க வேண்டும். சரிந்து போனால் ஷொக் கண்ணே கீறிவிடும்.

மச்சான்_எம்டிபி

புது ஷொக் எல்லாம் தேவையே இல்லை மச்சான். மருதானைப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஷொக் திறந்து செய்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், கொண்டுபோய்க் கொடு, எண்ணெய் மாற்றி சீல் போட்டுத் தருவார்கள்.

பழையஇரும்பு

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். அவருடைய ஷொக்கில் இரண்டு வேறு நோய் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

ராத்திரியில் காற்று இறங்குவது, காற்று நிற்கிற வெளி உறையான ஏர் கேனின் சீல். அது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. காற்றை முழுக்க விட்டு, கேனைக் கையால், வழுக்கினால் பழைய ரியூப் துண்டைச் சுற்றிப் பிடித்துக் கழற்றி, சீல் செட் மாற்றி, ஷொக்குக்குரிய கிரீஸ் தடவி மூடுவது. ரொக்ஷொக்ஸ் ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்கிறது, நம் ஊரில் ஐந்து வருசமானாலும் ஒருவரும் செய்வதில்லை.

சளக் சத்தமும் ரீபவுண்ட் இல்லாததும் டேம்பர், அதாவது துள்ளலை எண்ணெயால் அடக்குகிற உள் பகுதி. அங்கே எண்ணெயோடு வாயு கலந்துவிட்டது. டேம்பருக்குள் எண்ணெயையும் வாயுவையும் பிரிக்க ஒரு மிதக்கும் பிஸ்டன் இருக்கிறது, அதன் பின்னால் நைதரசனை நூற்றுக்கணக்கான பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதைத் தெரியாத ஆள் திறந்தால் திருகாணி முகத்துக்கு வரும். மோட்டார் சைக்கிள் ஆட்களிடம் நைதரசன் இருக்கலாம், ஆனால் பழைய ஃபொக்ஸ் ஃப்ளோட் மாதிரியானவற்றில் சாதாரண வால்வே கிடையாது, றப்பர் அடைப்பினூடாக ஊசி விட்டு நிரப்ப வேண்டும். அந்த ஊசியும் பிடியும் இருக்கிறவரிடம் கொடுத்தால் சரி. இருக்கிறதா என்று கேளுங்கள், "பார்ப்போம், செய்யலாம்" என்று பதில் வந்தால் ஷொக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து. காற்றை விட்ட பிறகும் ஷொக் உள்ளேயே ஒட்டிக்கொண்டு, இழுத்தாலும் நீளாமல் நின்றால் அதன் எதிர் அறையில், அதாவது ஷொக்கை உள்ளே இழுக்கிற பக்கத்து அறையில், காற்று சிறைப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழற்ற முயல வேண்டாம், வைஸில் வைத்து இழுக்கவும் வேண்டாம். கேன் பறந்து ஆளை அடிக்கும்.

மச்சான்_எம்டிபி

சரி சரி, ஊசி இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன். ஆனால் புதியது என்றாலும் விலை குறைந்த வழி இருக்கிறதே. இணையத்தில் 190×45 மெட்ரிக் ஷொக் மலிவாகப் போகிறது. ஐ-டு-ஐ அதேதானே?

பழையஇரும்பு

ஐ-டு-ஐ அதேதான், ஸ்ட்ரோக் 6 மி.மீ குறைவு. அவருடைய சைக்கிளில் 120ஐ 51ஆல் வகுத்தால் 2.35 வருகிறது, அதுதான் லெவரேஜ் விகிதம். ஷொக் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் வீல் 2.35 மி.மீ மேலே போகும். 45ஐ அதால் பெருக்கினால் 106. பின்பக்கம் 14 மி.மீ பயணம் போய்விடும், ஆனால் சைக்கிள் நிற்கிற உயரமும் சாய்வும் மாறாது, ஆபத்து ஒன்றும் இல்லை. வேறு ஒன்றும் கிடைக்காவிட்டால் அது ஒரு வழிதான், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். மெட்ரிக் ஷொக்கின் உடம்பு சில ஃபிரேம்களில் இடிக்கும், அதை மட்டும் பார்க்க வேண்டும்.

ஆனால் இதே நியாயத்தை வைத்து 200×51 போடலாமா என்று யாராவது கேட்பீர்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 10 மி.மீ நீளம் கூடினால் பின்பக்கம் 23 மி.மீ கிட்ட உயரும். ஹெட் கோணம், அதாவது முன் ஃபோர்க்கின் சாய்வு, ஒரு டிகிரிக்கு மேலே நிமிரும், பெடல் அச்சும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு உயரும். இறக்கத்தில் ஹாண்டிலுக்கு மேலால் போகப் பார்ப்பது போல் இருக்கும். ஸ்ட்ரோக் கூடின ஷொக் அதைவிட மோசம், கடைசிவரை அமுங்கும்போது டயர் சீட் குழாயில் போய் இடிக்கும்.

கடற்கரைவீதி26

கடைக்காரர் காட்டின ஸ்பிரிங் ஷொக் 190 நீளம்தான், அதனால்தான் கேட்கிறேன், ஸ்பிரிங் என்றால் காற்று இறங்குகிற தலையிடி இல்லையே? அந்த 750 என்ன கணக்கு?

லேத்துப்பட்டறை

அது ஸ்பிரிங்கை ஒரு அங்குலம் அமுக்க எத்தனை இறாத்தல் பாரம் வேண்டும் என்ற கணக்கு. உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று போட்டுப் பார்ப்போம். உடுப்பு, பை எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வையுங்கள். அதில் பின் வீலில் விழுவது ஏறத்தாழ 65 வீதம், 55 கிலோ. 2.35ஆல் பெருக்கினால் ஷொக்கில் விழுவது 130 கிலோ, 286 இறாத்தல். சும்மா ஏறி உட்காரும்போதே ஸ்ட்ரோக்கில் 25இலிருந்து 30 வீதம் வரை அமுங்க வேண்டும், அதைத்தான் சேக் என்பது. 51இல் 30 வீதம் 15 மி.மீ சொச்சம், அதாவது 0.6 அங்குலம். 286ஐ 0.6ஆல் வகுத்தால் 475. 25 வீதம் என்றால் 570. ஆக உங்களுக்கு 500 அல்லது 550 ஸ்பிரிங். 750 போட்டால் அது ஷொக் இல்லை, இரும்புக் கம்பி. நூற்றுப் பத்து, நூற்று இருபது கிலோ ஆளுக்குச் சரியாக இருக்கும்.

அந்த மலிவு ஸ்பிரிங் ஷொக்குகளில் இன்னொரு குறை, உள்ளே டேம்பர் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. ஒருமுறை அமுக்கி விட்டுப் பாருங்கள், உடனே துள்ளி வந்தால் அது வெறும் ஸ்பிரிங்தான். இப்போது உங்கள் ஷொக் செய்கிற அதே கூத்து. நல்ல ஸ்பிரிங் ஷொக் வேறு விசயம், டிஎன்எம் மாதிரி தாய்வான் சாமான்களில் ரீபவுண்ட் திருகு உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் பாரம் கூட, அத்தோடு உங்கள் எடைக்குரிய ஸ்பிரிங்கைத் தனியாகத் தேட வேண்டும்.

மலைநாட்டான்

நான் கொழும்பில் வேலை, ஊர் ஹப்புத்தளை. அங்கே தேயிலைத் தோட்டத்து இறக்கங்களில் நீண்ட நேரம் அடித்துக்கொண்டு வரும்போது ஸ்பிரிங் நல்லது, சூடானாலும் குணம் மாறாது. ஆனால் ஒஃபிசுக்கும் போய் வருகிறவருக்குக் காற்று ஷொக்தான் சரி. பம்ப் ஒன்று இருந்தால் பை பாரத்துக்குக் கூட்டிக் குறைக்கலாம். 190×51இல் புதிதாக இன்னும் கிடைப்பவை என்றால் மானிட்டு மக்லியொட், சன்டூர், எக்ஸ்-ஃபியூஷன் இவற்றைப் பாருங்கள். யூஸ்ட் ரொக்ஷொக்ஸ் மொனார்க் எடுத்தால் அதில் டியூன் எழுத்து, அதாவது டேம்பர் எவ்வளவு இறுக்கம் என்பதன் குறி, ஒட்டியிருக்கும். 2.35 விகிதத்துக்கு நடுத்தர எம் போதும். எச் என்று இருந்தால் உங்களுக்கு விறைப்பாக இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுத்தால் சுங்க வரியை முதலே கணக்கில் வையுங்கள், ஷொக் விலை மலிவு என்று சந்தோசப்பட்டுவிட்டு வரிச் சிட்டையைப் பார்த்து முழிக்கக் கூடாது. சிங்கப்பூர், துபாய், சென்னை என்று யாராவது வருகிறவர் இருந்தால் பையில் போட்டுக் கொண்டு வரச் சொல்லுவது நல்லது. யூஸ்ட் ஷொக் என்றால் விமானத்துக்கு முன் காற்றை விட்டுவிடச் சொல்லுங்கள். ஷொக் பம்ப்பையும் சேர்த்து எடுப்பிக்கவும்.

கடற்கரைவீதி26

பம்ப் ஏன் தனியாக? பெற்றோல் ஷெட்டில் அடிக்க முடியாதா? வால்வு கார் டயர் வால்வு மாதிரித்தானே இருக்கிறது.

மலைநாட்டான்

வால்வு அதுதான், அழுத்தம் வேறு. உங்கள் எடைக்குத் தொடக்கமாக 180 பிஎஸ்ஐ அளவு போட வேண்டும். எடையை இறாத்தலில் சொன்னால் எத்தனையோ அத்தனை பிஎஸ்ஐ என்று தொடங்குவது வழக்கம், அப்புறம் சேக் பார்த்துத் திருத்துவது. ஷெட் கொம்ப்ரஸரில் அது வராது. வந்தாலும் ஷொக்குக்குள் உள்ள இடம் சின்னது, ஒரு தட்டில் கூடிவிடும், குழாயை எடுக்கிற நேரத்தில் பாதி போய்விடும். 300 பிஎஸ்ஐ வரை காட்டுகிற சின்னக் கைப்பம்ப் வேண்டும்.

கடற்கரைவீதி26

முடிவு செய்துவிட்டேன், சிங்கப்பூரில் இருக்கிற மச்சாள் அடுத்த கிழமை வருகிறார். மக்லியொட் 190×51, ஒரு பம்ப், இரண்டும் சொல்லியிருக்கிறேன். பெயரிங் சோதனையில் கீழ் பிவட் கரகரத்தது, 6900தான், அதைப் பஞ்சிகாவத்தையில் எடுத்துவிட்டேன். போல்ட்டும் ரெடியூசரும் கடைந்தாயிற்று. பழைய ஷொக்கின் ஏர் கேனைப் பிறகு மெதுவாகப் பார்க்கலாம்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பழையஇரும்பு

பூட்டி உடனே ஏறி ஓடிவிடாதீர்கள். முதலில் காற்றே இல்லாமல் பூட்டுங்கள். ரெடியூசர் உள்ளே கையால் அமுக்கினால் போகிற அளவு இறுக்கம் சரி. போல்ட் விரலால் தள்ளினால் போக வேண்டும். தட்டித்தான் போகிறது என்றால் இரண்டு முனையும் ஒரே கோட்டில் இல்லை, அப்படியே இறுக்கினால் ஷொக் தண்டு ஒரு பக்கமாகத் தேயும். போல்ட்டின் வழுவழுப்பான பகுதியில் கிரீஸ், மரையில் மட்டும் நீல லொக்டைட், போல்ட் தளராமல் பிடிக்கிற பசை. வெள்ளவத்தையில் கிரீஸில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இப்போது சீட்டில் நெஞ்சை வைத்து, ஷொக் கடைசிவரை போகிற மாதிரி அமுக்குங்கள். இன்னொருவர் கீழே குந்தியிருந்து பார்க்கட்டும். பின் டயருக்கும் சீட் குழாய்க்கும் நடுவில் விரல் போகிறதா? சங்கிலியைப் பல் மாற்றுகிற முன் டிரெயிலியரில் டயர் படுகிறதா? ஷொக்கோடு சேர்ந்து ஆடுகிற லிங்க் கை எங்காவது ஷொக் உடம்பில் தொடுகிறதா? பிரேக் கேபிளும் கியர் கேபிளும் இழுபடுகிறதா? அப்புறம் சங்கிலியை முன்னால் பெரிய பல்லிலும் பின்னால் பெரிய பல்லிலும் போட்டுத் திரும்பவும் அதே மாதிரி அமுக்குங்கள். ஷொக் உள்ளே போகும்போது பல சைக்கிள்களில் பெடல் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் கூடும். சங்கிலி கட்டையாக இருந்தால் பின் டிரெயிலியரைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். புதுச் சங்கிலி போட்டவர்கள் இதைச் செய்யாமல் விடுவது எனக்குப் புரிவதே இல்லை.

எல்லாம் சரி என்றால் 180 அடித்து, பையோடு, ஓட்டுகிற உடுப்போடு ஏறி உட்காருங்கள். தண்டில் உள்ள றப்பர் வளையத்தைக் கேன் வாயோடு ஒட்டத் தள்ளிவிட்டு, துள்ளாமல் இறங்கிப் பாருங்கள். வளையம் நகர்ந்த தூரம் 13க்கும் 15 மி.மீக்கும் நடுவில் இருந்தால் சரி. முதலில் அடித்துப் பத்துப் பதினைந்து தடவை அமுக்கி விட்டுத் திரும்ப அடியுங்கள், எதிர் அறைக்குக் காற்று போய்ச் சமமாகும். பம்பைப் பூட்டும்போது முள் கொஞ்சம் இறங்கிக் காட்டும், அது பம்ப் குழாய்க்குள் போன காற்று, ஷொக் ஒழுகுகிறது என்று பயப்பட வேண்டாம்.

கடற்கரைவீதி26

பூட்டியாயிற்று. 180இல் சேக் 17 காட்டியது, 195இல் 14க்கு வந்தது. டயருக்கும் சீட் குழாய்க்கும் நடுவில் இரண்டு விரல் போகிறது. டொக் சத்தம் போய்விட்டது. ரீபவுண்ட்தான் எத்தனை கிளிக் என்று தெரியவில்லை.

மலைநாட்டான்

எண்ணிக்கையை ஆளுக்கு ஆள் கேட்டுப் பிரயோசனம் இல்லை. நடைபாதைக் கட்டிலிருந்து உட்கார்ந்தபடியே மெதுவாக இறங்குங்கள். பின்பக்கம் ஒருமுறை மேலே வந்து நிற்க வேண்டும். இரண்டாம் முறையும் துள்ளினால் ஒரு கிளிக் ஆமைப் பக்கம், அதாவது மெதுவாகத் திரும்பி வருகிற பக்கம். ஒன்றுக்குப் பின் ஒன்றாக வேர்கள் வருகிற இடத்தில் சைக்கிள் வர வரத் தாழ்ந்துகொண்டே போனால் ஒரு கிளிக் முயல் பக்கம், வேகமாகத் திரும்புகிற பக்கம்.

நேர்ப்பாதை

மொத்தச் செலவு எவ்வளவு என்று சொல்லவே இல்லையே?

கடற்கரைவீதி26

மனைவியும் இதைத்தான் கேட்கிறார் அண்ணே, இரண்டு பேருக்கும் ஒரே பதில்: பெயரிங் மலிவு.

கொட்டாஞ்சேனை_பெடல்

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என்னிடம் பழைய ஸ்பெஷலைஸ்ட் ஒன்று, அதுவும் காற்று இறங்குகிறது. 190×51 மக்லியொட் எனக்கும் சரி வருமா?

பழையஇரும்பு

அளக்காமல் சொல்ல மாட்டேன். அதுவும் ஸ்பெஷலைஸ்ட் என்றால் ஷொக்கின் ஒரு முனையில் கண்ணுக்குப் பதிலாக ஃபிரேமோடு நேராகப் பூட்டுகிற தனிப் பிடி இருக்கலாம், அப்படியானால் கடையில் வாங்குகிற ஷொக் எதுவும் அப்படியே போகாது, இடையில் ஒரு மாற்றுப் பிடி தேட வேண்டி வரும். இரண்டு முனையையும் படம் எடுத்துத் தனி இழை ஒன்று போடுங்கள், காற்று நிரப்பி வைத்து அளந்த நீளத்தோடு.